வெள்ளிமுடியின் கடைசித் தீயணைப்பு வண்டி

"ரோடு இத்தோட முடிஞ்சுது சார். இனி நடைதான்!" என்றார் வேலப்பன் காணி.

செல்வின் ஜீப்பை விட்டுக் குதித்தான். எதிரே மலைப்பாதையை மண்சரிவு விழுங்கியிருந்தது. அதற்கப்பால், மேகத்துக்குள், ஆளொழிந்த வெள்ளிமுடித் தேயிலைத் தோட்டம்.

நாகர்கோவிலில் பட்டறை நடத்தும் செல்வின், பழைய லாரிகளையும் தீயணைப்பு வண்டிகளையும் தேடிப்பிடித்து மறுபடி ஓட வைப்பவன். அவன் பல வருடமாகத் தேடியும் கிடைக்காதது வெள்ளிமுடி வண்டிதான். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. கூரையில்லாத முன்பகுதி, பித்தளைப் பம்பு, பக்கத்தில் மர ஏணி. போன மழையில் சரிந்த மண்ணுக்கடியில் சிவப்பு இரும்பு ஒன்று தலைநீட்டுவதை, வனக்காவலரான வேலப்பன் பார்த்துச் சொன்னார். வனத்துறை அனுமதியோடு கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்த மாடத்திக்கு வண்டி முக்கியமில்லை. அதன் கடைசி டிரைவர் சங்கரபாண்டி அவளுடைய தாத்தா. அரை நூற்றாண்டுக்கு முன் தொழிலாளர் குடியிருந்த வரிசைவீடுகளான லயன்களில் தீப்பிடித்த அன்று, அவர் வண்டியோடு காணாமல் போனார். லயன்கள் எரிந்தன. குழந்தைகள்கூடத் தப்பவில்லை. டிரைவர் வண்டியைக் கடத்திக்கொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றது தோட்டம். மாடத்தியின் அம்மா இசக்கியம்மாள் ‘வண்டிக்கள்ளன் மவ’ என்ற பேரோடே வளர்ந்தாள்.

"ஒருவேளை அவரு நெசமாவே ஓடியிருந்தா?" என்று செல்வின் தயங்கிக் கேட்டான்.

"அதையும் தெரிஞ்சிக்கிடுதேன் அண்ணாச்சி. தெரியாமதான் எங்கம்மா பாதி செத்துட்டா."

அட்டைகள் காலைக் கவ்வின. மூங்கில் புதரை வெட்டிக்கொண்டே ஏறினார்கள். மதியம் சாய்ந்தபோது, புதர் மூடிய பழைய மேல்ரோட்டின் விளிம்பில் நின்று வேலப்பன் கையைக் காட்டினார். கீழே கிடுகிடு பள்ளம்! அதன் சரிவில், ஒரு பாறைமேல் தொற்றியபடி, பாதி மண்ணுக்குள் கிடந்தது தீயணைப்பு வண்டி.

"அதேதான்!" செல்வின் விளிம்புக்கே ஓடினான்.

வண்டி நழுவாமலிருக்க, அதன் பின்சட்டத்தில் இரும்பு வடத்தை மாட்டி, மறுமுனையை மேலே நின்ற பெரிய மரத்தில் கொக்கியால் பூட்டினார்கள். மாடத்தி இடுப்பில் கயிறு கட்டி, அதே மரத்தைப் பிடிமானமாக்கிக்கொண்டு இறங்கினாள். டிரைவர் இருக்கையில் இறுகியிருந்த மண்ணைக் கையால் தோண்டினாள். திடீரென்று நின்றாள்.

ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே எலும்புகள். அவற்றோடு பச்சை பூத்த பித்தளை டிரைவர் பேட்ஜ்.

"தாத்தா..." என்றாள். அழவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்துக் கத்தினாள்: "வேலப்பண்ணே! இந்த மேல்ரோடு எங்க போவுது?"

"லயனுக்கு மட்டுந்தான் பிள்ளே. கேரளா போறவன் கீழ்ரோட்டுலல்லா போவணும்!"

வண்டியின் முகம் லயன்கள் இருந்த திசையையே பார்த்துக் கிடந்தது. புகையில் பாதை விளிம்பு தெரியாமல் போயிருக்கலாம், இல்லை, மண் இடிந்திருக்கலாம். எப்படியானாலும், தீயை நோக்கிப் போகும்போதுதான் அவர் விழுந்திருக்கிறார்.

அவள் எலும்புகளைத் தார்ப்பாயில் சேர்க்கத் தொடங்கினாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சரிவு குழைந்தது. பாறை அசைந்தது. வண்டியின் முழுப்பாரமும் வடத்தில் விழ, மேலே மரத்தின் வேர்கள் படபடவென்று அறுந்தன.

"சார், மரம் சாயுது! பிள்ளையோட கயிறும் அதுலதானே கெடக்கு!"

"மாடத்தி, வெளிய வா!"

அவள் தார்ப்பாயை முதுகில் கட்டிக்கொண்டு வண்டியிலிருந்து தாவினாள். ஈரச்சரிவில் அந்தரத்தில் தொங்கினாள். மரம் இன்னும் சாய்ந்தது.

செல்வின் சுத்தியலைத் தூக்கினான். வடத்தின் கொக்கியைத் தட்டிவிட்டால் மரம் பிழைக்கும், வண்டி போய்விடும். ஒரு கணம் அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்தான். ஓங்கி அடித்தான்! கொக்கி தெறித்தது. வண்டி புரண்டு, பாறைகளில் மோதிச் சிதறி, பள்ளத்தின் அடியில் ஓடிய காட்டாற்று வெள்ளத்துக்குள் மறைந்தது. அந்தச் சத்தம் அடங்குமுன் இருவரும் மாடத்தியை மேலே இழுத்துப் போட்டார்கள்.

அவள் மூச்சிரைக்கக் கேட்டாள், "உங்க வண்டி போச்சே அண்ணாச்சி?"

"போவட்டும். நீ எழும்பு."

போலீஸ் விசாரணை முடிந்து எலும்புகள் கைக்கு வந்ததும், மாடத்தியும் இசக்கியம்மாளும் அவற்றை, அன்று தீயில் எரிந்தவர்களைப் புதைத்த இடத்துக்கே கொண்டுபோனார்கள். பழைய தோட்டத்துக் குடும்பங்கள் செய்தி கேட்டு வந்து, சற்றுத் தள்ளியே நின்றன.

தீயில் தங்கையைப் பறிகொடுத்த தனுஷ்கோடி மட்டும் முன்னால் வந்தார். இசக்கியம்மாளைத் தெருவில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர். மாடத்தியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, முட்செடிகளை வெட்டி ஒதுக்கினார்.

"இங்ஙனயே வைங்க," என்றார். "எந் தங்கச்சி பக்கத்துல எடம் கெடக்கு. அவளத் தேடி வந்த மனுசன்தானே."

இசக்கியம்மாள் ஈர மண்ணில் அமர்ந்து, "எப்பா..." என்று வாய்விட்டு அழுதாள்.

செல்வின் வெறுங்கையோடு பட்டறைக்குத் திரும்பினான். பழைய வண்டி எதைப் பார்க்கப் போனாலும், "இதை ஓட்டினது யாரு?" என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறான்.