ஆளுக்கு ஒரு போர்வை

ரயில் பெட்டிக்குள் ஏறியதும் என் வீட்டுக்காரர் முதலில் ஜன்னல் திரையை இழுத்துப் பார்த்தார். அடுத்து மெத்தையை விரலால் அமுக்கினார். விளக்கைப் போட்டு அணைத்தார், அணைத்துப் போட்டார். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பார்ப்பது போல ஒரு மூலை விடாமல் சோதித்துவிட்டு, "பரவாயில்ல, குடுத்த காசுக்குப் பழுதில்ல" என்று பெட்டிக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். பக்கத்து பெர்த்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். இத்தனை வருட இல்லறத்தில் நான் நன்றாகப் பழகியது இந்தக் குனிவதைத்தான்.

அன்றைக்கு எங்களோடு புது மருமகளும் வந்தாள். மகனுக்கு அவள் ஊரில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்ததால் அவளை மட்டும் முன்னால் அழைத்து வந்தோம். எங்கள் வீட்டில் வந்து தங்குவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. இந்த ஒரு ராத்திரி மட்டும் இந்த மனுஷன் மானத்தை வாங்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஏறினேன். எங்கள் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. என் கவலை முழுக்க அதுதான்.

அலமாரியில் இருப்பவை போர்வைகள். எல்லாம் ரயில் போர்வைகள். படுக்கை வசதி உள்ள ரயிலில் போன ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று. "திருட்டா இது? டிக்கெட்லயே சேர்த்து வாங்கிட்டான்" என்பார் அவர். ஊர் வந்து சேர்ந்த அன்றே, ரயில் முத்திரை குத்திய மூலையை நான் கத்தரித்து, மடித்து, தையல் வெளியே தெரியாதபடி தைத்துவிடுவேன். எடுத்தவர் அவர் என்றாலும் கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, தூக்கம் காணாத கண்கள். தலையணை, விரிப்பு, போர்வை என்று ஒவ்வொருவருக்கும் எடுத்து வைத்தார்.

"எனக்கு இன்னொரு போர்வை குடுப்பா. ஏசி ஓவரா இருக்கு."

"ஆளுக்கு ஒண்ணுதான் சார்" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் மாதிரி முகம் மாறியது. "இல்ல சார், நெசமாவே மிச்சம் இல்ல. இருந்தா குடுத்துடுவேன்."

"இவ்வளவு காசு வாங்கறீங்க, ஒரு போர்வைக்குப் பஞ்சமா?"

மேல் பெர்த்தில் ஏறிக்கொண்டிருந்த மருமகள், "மாமா, வேணும்னா என்னோடதை வச்சுக்கங்க" என்றாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"சேச்சே, உன்னோடது எதுக்கும்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டார். அவருக்குக் குளிர் தாங்காது என்று எனக்குத் தெரியும்தான், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நான் சால்வையைப் போர்த்துக்கொண்டேன்.

விளக்குகள் அணைந்தன. எங்கள் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டேன். கழிப்பறைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது அவர் கக்கத்தில் ஒரு போர்வை இருந்தது.

"கதவுகிட்ட மடக்கு சீட்டுல அழகா மடிச்சு வச்சிருக்கான். நம்மகிட்ட மிச்சம் இல்லேன்னு கதை விட்டான் பாரு!"

"யாரோடதோங்க. வச்சுட்டு வாங்க."

"சும்மா கிடந்தது. நீ தூங்கு."

என் போர்வையை என் மேலே போட்டுவிட்டு, கொண்டுவந்ததைத் தன்னுடையதற்கு மேல் போர்த்திக்கொண்டு எதிர் பெர்த்தில் படுத்தார். ஒரு மூலை என் பக்கம் தொங்கியது. அதில் ஒரு முடிச்சு. இழுத்து இழுத்துப் பல நாள் போட்டுப் பழகிய கெட்டி முடிச்சு. துவைத்த வாடை இல்லை. நோயாளி படுத்து எழுந்த அறையில் வருமே, மூடிக் கிடந்த மருந்து வாடை, அது வந்தது. மேலே மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நான் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. குளிர்தான் எழுப்பியது. ஏசிக் குளிர் இல்லை அது. ஏசி மேலிருந்து இறங்கும். இது தரையிலிருந்து ஏறியது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குறட்டைகள் நின்றிருந்தன.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பெட்டியின் அந்தக் கோடியில் ஒரு திரையின் வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம். பிறகு மெல்லிய பேச்சு. பதில் இல்லை. திரை மூடும் சத்தம்.

அடுத்த திரை.

மறுபடி அதே பேச்சு.

அதற்கடுத்த திரை.

டிக்கெட் பார்க்க வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விளக்கு இல்லை. ஷூ சத்தமும் இல்லை. வெறும் பாதத்தை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம் மட்டும்.

எங்கள் திரை அசைந்தது.

விளிம்பைப் பிடித்து நான்கு விரல்கள் உள்ளே வந்தன. நகங்கள் நீலமாக இருந்தன.

"தூக்கத்தைக் கெடுக்கறேன், மன்னிச்சுக்கங்க" என்றது ஒரு குரல். வயதான, படித்த, கூச்சப்படுகிற குரல். "சார், இன்னொரு போர்வை இருக்குமா?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை. "ஆளுக்கு ஒண்ணுதான் பெரியவரே. அட்டெண்டரைப் போய்க் கேளுங்க" என்று இரண்டு போர்வைக்கு அடியிலிருந்து சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

விரல்கள் என் பக்கம் திரும்பின.

"அம்மா?"

நான் விழித்திருந்தேன். என் மேலே ஒரு போர்வை, அதற்குள் ஒரு சால்வை. கொடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெதுவாக, தூக்கத்தில் இழுப்பது போல, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டேன்.

குரல் கோபப்படவில்லை. "பரவாயில்லம்மா" என்றது.

அந்த 'பரவாயில்ல' இன்றுவரை என் காதைவிட்டுப் போகவில்லை.

அப்போது மேலே வளையல் சத்தம் கேட்டது. "தாத்தா, இந்தாங்க, என்னோடதை எடுத்துக்கங்க. எனக்கு வேர்க்குது" என்றாள் மருமகள்.

துணி சரசரத்தது. திரை மூடியது. பாதங்கள் இழுபட்டபடி கதவுப் பக்கம் போயின.

விடிந்ததும் முகம் கழுவப் போனேன். கதவருகே அட்டெண்டர் மண்டியிட்டு, அழுக்கு விரிப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தார். மடக்கு சீட்டில் ஒரு போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. மருமகளுடையது.

"என்னங்க தேடறீங்க?"

"முடிச்சுப் போட்ட போர்வை ஒண்ணும்மா. இங்கதான் வச்சேன். காணோம்." இன்னொரு மூட்டையை அவிழ்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

"இல்லையே" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க இடத்துலதாம்மா, கீழ் பெர்த்துல, போன குளிர் காலத்துல ஒரு பெரியவர் வந்தாரு. தனியா. ராத்திரி எழுந்து வந்து, குளிருது, இன்னொரு போர்வை இருக்குமான்னு கேட்டாரு. ஆளுக்கு ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். கணக்குல ஒரு போர்வை குறைஞ்சிருந்தது, அதுக்குக் கைக்காசு போயிருமேங்கிற எரிச்சல். எனக்கு அடியில ஒண்ணு விரிச்சிருந்தேன், அதையாவது குடுத்திருக்கலாம். விடியற்காலம் எழுப்பப் போனா ஆள் விறைச்சுக் கிடந்தாரு. அப்புறம்தான் அதை எடுத்துப் போய்ப் போத்தினேன்."

நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுலேருந்து இந்தப் பெட்டியில யாரு டூட்டி பாத்தாலும் இதான் பழக்கம். விளக்கணைச்சதும் அந்தப் போர்வையை அவருக்குன்னு இந்த சீட்டுல வச்சிருவோம். மத்ததோட கலந்துடாம மூலையில ஒரு முடிச்சு. அது இருந்தா அவர் யாரையும் போய்க் கேக்க மாட்டாரு."

"அன்னைக்கு ஏன் ஒண்ணு குறைஞ்சது?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அதுக்கு முந்தின ராத்திரி யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. மகனுக்குப் பொண்ணு பேசி முடிச்சுட்டு வந்தவங்க. எனக்கு இனிப்பெல்லாம் குடுத்தாங்க, தங்கமான மனுஷங்கன்னு நினைச்சேன்."

அந்த இனிப்பை அவர் கையில் வைத்தது நான். அவருக்கு என் முகம் ஞாபகமில்லை. எனக்கு அந்தப் போர்வை ஞாபகம் இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்த அன்றே மூலையைக் கத்தரித்துத் தைத்தேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அதைத்தான் கொடுப்பேன்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் துணிப்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்து, பற்கள் அடித்துக்கொண்டன. "ரெண்டு போர்வை போத்தியும் என்னா குளிருடி இது!" முடிச்சுப் போர்வை எங்கும் இல்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு நூல் பிதுங்கி நின்றது.

திறந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். மருமகள் பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வெட்கத்துக்காக அதை வீடுவரை சுமந்து வந்து, அவளுக்குத் தெரியாமல் அலமாரியில் வைத்தேன்.

எங்கள் ஊரில் நல்ல கோடை. மின்விசிறியே அனல் வீசியது. அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டேன், குளிர்ந்த இரும்பு மாதிரி இருந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தேன். மருமகளை மகனின் அறையில் படுக்கச் சொன்னேன்.

விளக்கை அணைத்தேன்.

எங்கள் வீட்டு வாசல் திரைக்கும் வளையங்கள்தான்.

அவை உரசின.

"தூக்கத்தைக் கெடுக்கறேன்..."

இந்தத் தடவை எழுந்துவிட்டேன். அலமாரிப் பக்கம் நடந்தேன். கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இருட்டிலேயே அலமாரியைத் திறந்தேன். உள்ளிருந்து குளிர் முகத்தில் அறைந்தது. கையை விட்டு மேலே இருந்ததைத் தடவினேன். மூலையில் முடிச்சு. இதுதான் என்று எடுத்தேன். அடியில் இருந்ததிலும் முடிச்சு. அதற்கடியிலும்.

நான் தைத்து மறைத்த ஒவ்வொரு மூலையும் பிரிந்து, முடிச்சு விழுந்து கிடந்தது.

விளக்கு எரிந்தது. மருமகள் நின்றிருந்தாள்.

"அத்தை, அந்தத் தாத்தா குரல் கேட்டுச்சு. அவர் எப்படி இங்க..." என்றவள் அலமாரியைப் பார்த்தாள். கீழ்த்தட்டு முதல் மேல்தட்டு வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஏது அத்தை?"

வாசலில் நின்ற குரலைவிட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். குனியப் பார்த்தேன். குனிந்து சரிசெய்யக் காலில் செருப்புகூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த போர்வையை வாங்கிப் போய் வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் போடும் சத்தம் கேட்டது.

அந்த ரயில் திரும்பி வந்த நாளன்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி நானும் அவரும் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனோம். மூட்டையைத் திறந்து பார்த்த அட்டெண்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை முகம் ஞாபகம் வந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "அன்னைக்கு இனிப்பு நல்லா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் கடைக்குப் போய், பேரம் பேசாமல், ஒரு புதுப் போர்வை வாங்கினார். எனக்குத் தெரிந்து அவர் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் அதுதான். அன்று ராத்திரி குளிரில் நடுங்கியபடியே அதைப் பிரித்து, மடித்து, யாரும் சொல்லாமலே வாசல் நாற்காலியில் வைத்தார். வெறும் ஸ்வெட்டரோடு வந்து படுத்துக்கொண்டார்.

காலையில் போய்ப் பார்த்தேன். போர்வை மடிப்புக் கலைந்து கிடந்தது. ஒரு மூலையில் முடிச்சு. பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தேன், அவள் இல்லை என்று தலையாட்டினாள், "நான் போடல."

நகம் வலிக்க முடிச்சை அவிழ்த்தேன். கடையில் காசு கொடுத்து வாங்கிய அந்தப் புதுப் போர்வையின் மூலையில், முடிச்சுக்குள்ளே, ரயில் முத்திரை இருந்தது.