பள்ளத்திலிருந்து வந்த பதில்

பறவையின் பதிலில் ஒரு செருமல் இருந்தது.

ஹேஸல் கைபேசியை அணைத்துவிட்டு, ஆளுயரப் பெரணிகளுக்கு நடுவே அசையாமல் நின்றாள். அவள் ஒலிக்கவிட்டது பைலட் குருவியின் சீழ்க்கை; பத்து வருடங்களுக்கு முன் இதே பள்ளத்தில் அவள் கணவன் டெஸ் பதிவு செய்தது. சீழ்க்கை முடிந்ததும் அவன் தொண்டையைச் செருமுவது அதில் கேட்கும். இப்போது கீழிருந்து வந்த சீழ்க்கைக்குப் பின்னாலும் அதே செருமல்.

காலையில் வண்டிகளை நிறுத்துமிடத்திலேயே நோரீன் எச்சரித்திருந்தாள். பறவை பார்க்கும் குழுவின் தலைவி அவள்.

"ரெக்கார்டு போட்டுக் கூப்பிடற திருட்டுத்தனமெல்லாம் வேணாம், ஹேஸல். மாட்டினா உனக்குக் கேக் கிடையாது."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்னாக் கேக்குமே!"

கூப்பிடுவது யாரென்று பார்க்கக் குருவி முட்டையை விட்டுவிட்டு வந்துவிடும். அதனால்தான் அந்த விதி. ஹேஸலுக்கும் தெரியும். ஆனால் டெஸ் சாகும்வரை படம் எடுக்க முடியாமல் போன ஒரே குருவி இது. அவன் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவனுக்காக ஒரு படம், ஒன்றே ஒன்று போதும் என்றுதான் பாதையை விட்டு விலகி, ஈரப்பட்டையும் அழுகிய இலையும் மணக்கும் இந்தச் சரிவில் இறங்கியிருந்தாள்.

லைர் பறவையாக இருக்கும் என்று நினைத்தாள். ரம்பச் சத்தம், நாய்க் குரைப்பு என்று கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லுகிற பறவை அது. டெஸ்ஸின் செருமலையும் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கும். அந்த எண்ணம் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"ஹேஸ்! டீ ஆறிப்போகுது!"

டெஸ்ஸின் குரல். ஒவ்வொரு நடையின் முடிவிலும் அவன் அப்படித்தான் கத்துவான். ஹேஸ் என்று அவளைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. பறவைதான், பறவைதான் என்று தனக்குத்தானே சொல்லியபடி இரண்டடி இறங்கினாள். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள். கண்ணாடிக்குள் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

மேலே பாதையிலிருந்து நோரீன் பறவைப் பட்டியல் வாசிப்பது கேட்டது. நடை முடிந்தால் எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"குக்கபரா?"

"பாத்தாச்சு!"

"ராஜாக்கிளி?"

"ரெண்டு! பாரி மூணுன்னுவான், நம்பாதீங்க!"

சிரிப்பு. ஐம்பதடிகூட இருக்காது. ஏறிப் போய்விடலாம். போனால் கேக், வெயில், மனிதர்கள். பிறகு வீடு. ஒற்றைக் கோப்பை.

அவள் மேலே திரும்பினாள்.

"கையை விடாத, ஹேஸ்."

கீழிருந்து, மெதுவாக.

அது டெஸ் ஆஸ்பத்திரியில் சொன்னது. மூன்றாவது மாடியில். சன்னல்கள் மூடியிருந்தன. அறையில் அவர்கள் இருவர் மட்டும். எந்தப் பறவையும் அதைக் கேட்டிருக்க முடியாது.

அமைதி. மறுபடி அதே சொல், அதே இழுப்பு. அமைதி.

யாரோ ஒலிக்கவிடுகிறார்கள். அவளுக்காக.

"ஹேஸல்! எங்க இருக்க?" மேலே நோரீன் கூப்பிட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பதில் சொன்னால் அந்தக் குரல் நின்றுவிடும்.

இறங்கினாள்.

பெரணிகளை விலக்கிக் கையை நீட்டினாள். உடனே ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது. ஈரமான கை. எலும்பு லேசாக இருந்தது.

எதிரே நின்றதற்கு டெஸ்ஸின் உயரம்தான். கண்கள் இல்லை. முகம் முழுக்க வாய். குஞ்சுப் பறவையின் வாய்போல மேல்நோக்கிப் பிளந்து, உள்ளெல்லாம் சிவப்பு. உதடுகள் அசையவில்லை. தொண்டையின் ஆழத்திலிருந்து, பழகிப் பார்ப்பதுபோல, முதலில் தயங்கி, பிறகு தெளிவாக, ஹேஸலின் குரல் வந்தது:

"நோரீன்... இங்க கொஞ்சம் வந்து பாரேன்."