முக்காட்டில் விழுந்த வளையங்கள்

முறிந்த வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு செல்லபாய் வந்து நின்றதுமே கம்பவுண்டர் ஏசுஅடிமைக்குக் கால் தரையில் பாவவில்லை. மாஜி இன்ஸ்பெக்டர் ஜான்ரோஸ் துப்பறிவதைவிட, அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அலைகிற இவருக்குத்தான் எப்போதும் அவசரம்.

"கல்யாணம் பிடிக்காம நானே முக்காட்டக் கொளுத்தினேன்னு மாப்பிளைக்க அப்பா சொல்லுதாரு சார். ஞாயிற்றுக்கிழம கோயில்ல கல்யாண அறிவிப்பு மூணாம் ஓல வாசிக்கணும். நான் செய்யல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

இருவரும் அவளோடு புதுக்கடைக்குப் போனார்கள். அவள் வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவள், அம்மா ஞானபாய், அம்மாவோடு தினமும் சண்டை போடும் அத்தை நேசம்மாள். மாப்பிள்ளையின் அப்பா ஞானதாசனும் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காத்துல மெழுகுதிரி சாஞ்சிருக்கும்" என்றாள் ஞானபாய்.

ஜான்ரோஸ் மணப்பெண்ணுக்கான அந்த வெள்ளை முக்காட்டை விரித்தார். விளிம்பு முழுக்க ஞானபாய் பின்னிய லேஸ். அதில் ஒரு பொட்டுக்கூடக் கருகவில்லை. வெறுந்துணியில் மட்டும் பொத்தான் அளவில் பழுப்பு வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் துணி வெள்ளையாகவே இருந்தது.

அவர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு காகிதத்தைத் திரிக்குச் சற்று மேலே சுடருக்குக் குறுக்காக அமுக்கிச் சட்டென்று எடுத்தார். அதே வளையம்.

"திரியச் சுத்தி இருட்டா இருக்குல்லியா, அது இன்னும் எரியாத மெழுகு ஆவி. அங்க சூடு கம்மி. அதுக்கு வெளிய மஞ்சளா மினுங்கது கரி. அதையும் தாண்டி, கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஓரந்தான் கடுஞ்சூடு. அதனால ஓரம் கருகும், நடு தப்பிக்கும். சாஞ்ச திரி இப்பிடிச் சுடாது. துணிய ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு அமுக்கியிருக்கு. இந்தப் பிள்ளைக்கு இருக்கது ஒத்தக் கை."

"அப்போ அத்ததான்!" என்று துள்ளினார் ஏசுஅடிமை.

"அத்தைன்னா லேசத்தான் முதல்ல கொளுத்தியிருப்பா. இது லேசுக்குப் பக்கத்துலயே போகல்ல. தான் பின்னினத எரிக்க ஆருக்குக் கை வராது?"

எல்லோரும் ஞானபாயைப் பார்த்தார்கள்.

"ஆமா, நாந்தான்" என்றாள் அவள். "எனக்க கண்ணு போன லேசு அது. இவளும் போனா, நான் இந்த நேசம்மைக்க மூஞ்சியப் பாத்துட்டே சாவணுமா?"

ஞானதாசன் எழுந்தார். "பெத்தவளே இப்பிடின்னா, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஞானபாய் சிரித்தாள். மகளின் வாழ்வு கண்ணெதிரே முறிகிறபோது சிரிக்கிற தாயை ஏசுஅடிமை அன்றுதான் பார்த்தார்.

"ஏட்டி, உலை கொதிக்கு. போய் அரிசியப் போடு" என்றாள் மகளிடம்.

செல்லபாய் அசையவில்லை. ஜான்ரோஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் செய்யல்லன்னு மட்டும் சொல்லியிருந்தா போராதா சார்? ஆருன்னு எதுக்குச் சொன்னிய?"