இரண்டாவது வழுக்கல்

டணாரென்று அரிவாள் மேசைமேல் விழுந்தது. மைக்கூடு உருண்டது. குமாஸ்தா பரீது நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"வக்கீலய்யா, அவனுக்குத் தூக்கு வாங்கித் தாரீயளா, இல்ல இதத் தூக்கிட்டு நானே போவட்டுமா?" என்றாள் ஆய்க்குடி தங்கத்தாய்.

தென்காசி வக்கீல் சங்கரநாராயணன் நிதானமாக அவளை உட்காரச் சொல்லி விசாரித்தார். அவள் அக்கா மாடத்தி குற்றால அருவிப் பாறையில் விழுந்து செத்திருந்தாள். தலையெல்லாம் நல்லெண்ணெய், பாறையில் வழிந்து வழுக்கிவிட்டது என்றான் புருஷன் பலவேசம், பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி. அருவியில் குளித்துவிட்டு வந்துவிடுவாள் என்று, அம்மாவின் திதிக்குப் படையல் போட்டுக் காத்திருந்த தங்கத்தாய்க்குப் பிணம்தான் வந்தது. பலவேசத்தின் மூத்த தாரம் ரத்தினமும் அதே அருவியில், அதே மாதிரி எண்ணெய்த் தலையோடு செத்தவள்தான்.

"பிறகென்னய்யா, ஆளு மாட்டிக்கிட்டான்" என்று பரீது துள்ளினான்.

"அவசரப்படாதேடே. கெட்டவன்னு காட்டப் பழைய சாவ எடுத்தா கோர்ட்டு கேக்காது. தற்செயல்னு அவன் சொன்னா, தற்செயல் இல்லேன்னு காட்ட எடுக்கலாம். ஆனா சீசன்ல எண்ணெய் தேய்க்காதது யாரு? இந்தச் சாவுலயே ஒரு பிடி வேணும்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் சொரிமுத்து பலவேசத்தை, வக்கீல் கேட்டுக்கொண்டபடி, அவர் ஆபீசுக்குக் கூட்டிவந்தார்; தங்கத்தாயும் வந்திருந்தாள். சலவைச் சட்டையும் வெற்றிலை வாயுமாக வந்தவன் தங்கத்தாயைப் பார்த்துச் சிரித்தான்.

"கொழுந்தியாளுக்கு என்ன கோவம்? மூணாவதா உன்னயக் கேக்கலன்னா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேசையில் கிடந்த அரிவாளைப் பரீது மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

எண்ணெய் தேய்த்துவிட்டது யார் என்று வக்கீல் கேட்டார்.

"அவளேதான். விடியக்காலமே தேச்சு ஊறவச்சிட்டுத்தான் கிளம்புனா. ரத்தினமும் அப்படித்தான். ரெண்டும் தற்செயல், எழுதிக்கிடுங்க."

"முத தடவ பலிச்ச வித்தைய அப்படியே திருப்பிச் செஞ்சிருக்கீரு" என்றார் வக்கீல். "தள்ளிவிட்டு, ஆளு கூடுறதுக்குள்ள எண்ணெயத் தேச்சீரு. என்ன நாளுன்னு பாக்கலியே. மாமியாருக்குத் திதி வார நாள எந்த மருமவன் ஞாபகம் வச்சிக்கிடுதான்? தங்கத்தாயி, நீயே சொல்லு."

பலவேசத்தின் வாயில் வெற்றிலை நின்றது. தங்கத்தாய் எழுந்தாள். அரிவாள் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை.

"அம்மா திதியன்னைக்கு எங்க வீட்டுப் பொம்பளைக தலையில சொட்டு எண்ணெய் வைக்க மாட்டோம். எங்க அக்கா தலையில தேச்சது யாரு கை, சொல்லுலே."