கடுப்புக் குழுவின் ஒரே ரசிகர்

பாட்டு முடிந்தவுடன் கைதட்டல் வராது. அதற்காக மேடையில் நிற்பவர்கள் யாரும் பதறுவதில்லை. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் போண்டாவை மென்று விழுங்கி, பக்கத்து இருக்கைக்காரரிடம் பெண்ணுக்கு வரன் தேடும் கதையைச் சொல்லி முடிக்கும் நேரத்துக்கு, அவரவர் காதுமடலுக்குப் பின்னால் லேசாகக் கூசும். செவியாள் சாரம் தந்துவிட்டது என்று பொருள். ‘கோபமும் ஏக்கமும் கலந்த பாடல். இரண்டாம் சரணம் மிகவும் உருக்கம்.’ உடனே அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டும்.

கோயம்புத்தூரில் ‘கடுப்பு’ குழுவின் முதல் ஆல்பம் வெளியான மாலையிலும் அப்படித்தான் நடந்தது. மேடையில் கிடாரோடு நின்ற மகிழ்நனுக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஆல்பத்தின் பெயரே ‘நீயே கேள்’. செவியாளைத் தூக்கி எறி, சொந்தக் காதால் கேள் என்று அவன் தொண்டை கிழியக் கத்தியதைத்தான் அத்தனை பேரின் செவியாளும் கேட்டு, ‘சிந்திக்கத் தூண்டும் கருத்து’ என்று சாரம் எழுதியிருந்தது.

செவியாள் என்பது புளியங்கொட்டை அளவுள்ள ஒரு கருவி. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போதே, அதையும் தோலுக்கடியில் பதித்துவிடுவார்கள். சத்தம் நரம்புக்குப் போகும் முன்பே இது வாங்கிக்கொள்ளும். முழுவதையும் கேட்டு, நாலு சொல்லில் சாரம் தரும். பதில் சொல்ல வேண்டியிருந்தால் உடையவரின் குரலிலேயே சொல்லும். யார் பேச்சை அதனிடம் விடுவது என்பது அவரவர் விருப்பம். பெரும்பாலும் மாமியாரில் தொடங்கி, மேலாளர், வாத்தியார் என்று வளர்ந்து, கடைசியில் கட்டிய மனைவியில் வந்து நிற்கும். ‘பேசுவது நீதானா, உன் செவியாளா?’ என்று கேட்பது மட்டும் பண்பில்லை. சம்பளம் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே கேட்பதைப் போல.

கடுப்பில் மொத்தம் மூன்று பேர். பாடவும் எழுதவும் மகிழ்நன், பேஸ் கிடாருக்கு யூனுஸ், டிரம்ஸுக்கு ரெஜினா. மூவருக்கும் இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். உலகத்தின் மேல் கோபப்படுவதற்கு அதைவிட நல்ல வயது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மனிதர்கள் சொந்தமாகக் கார் வைத்திருந்த காலத்தில் கட்டப்பட்டு இப்போது காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்தம் ஒன்றின் மூன்றாம் தளத்தில்தான் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். எட்டுப் பாட்டு, நாற்பது நிமிடம். பாட்டைப் பொறுத்தவரை மூவரும் செவியாளைத் தொடுவதே இல்லை. அதனால் சொந்தக்காரர்கள் அவர்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இதுவரை எல்லாம் பெருமைதான். சிக்கல், இசைக் காப்பகத்தின் விதியில் இருந்தது. நாளொன்றுக்கு லட்சம் ஆல்பம் வெளியாகும் ஊரில் எல்லாவற்றையும் வைத்துக் காக்க முடியுமா? இசையமைத்தவர்களைத் தவிர வேறு ஒரு மனிதராவது, ஒரே ஒருவராவது, முதலிலிருந்து கடைசிவரை தன் காதால் கேட்டிருக்க வேண்டும். ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தெட்டு நாளுக்குள், அது நடக்காவிட்டால் ஆல்பம் எல்லா இடத்திலிருந்தும் அழிக்கப்படும். ஏமாற்றவும் முடியாது. கேட்டது நரம்பா, கருவியா என்பதைச் செவியாளே காப்பகத்துக்குச் சொல்லிவிடும். அணைத்து வைத்தாலும் அந்த ஒரு வேலையை மட்டும் அது விடாது.

“ஒருத்தர்தான? ஊருல ஆளா இல்ல?” என்றான் மகிழ்நன். அவனுக்குத் தன் பாட்டின் மேல் அத்தனை நம்பிக்கை.

முதலில் ரெஜினா தன் வருங்காலக் கணவனைப் பிடித்து உட்காரவைத்தாள். உனக்காக உயிரையே கொடுப்பேன் என்று வாரம் தவறாமல் சொல்லுகிறவன். மூன்றாம் பாட்டிலேயே நெளிந்தான்.

“தல கிர்ருங்குது ரெஜி. மிச்சத்தச் செவியாள்கிட்ட உட்றட்டா? நல்லாத்தான் இருக்குது, நான் ஒண்ணும் சொல்லல.”

உயிரைக் கொடுக்க ஒரு நொடி போதும். நாற்பது நிமிடம் கொடுப்பதுதான் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் ரெஜினாவுக்குத் தெரிந்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டாள்.

அடுத்து யூனுஸ் ஒரு பெரிய விமர்சகரிடம் போனான். முப்பது வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறவர். ‘நீயே கேள்’ ஒரு தலைமுறையின் ஓலம் என்று ஏற்கெனவே எழுதியும் விட்டார். நேரில் ஒரு முறை கேட்டுவிடுங்கள் என்றதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“தம்பி, நான் இதுவரைக்கும் ஒரு பாட்டையும் கேட்டதில்ல. கேட்டுட்டா நடுநிலை போயிருமுங்க” என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

ரசிகர் மன்றம்கூட இருந்தது. ‘நீயே கேள்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு திரிந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவர்கூட ஐந்தாம் பாட்டைத் தாண்டவில்லை. குற்றம் அவர்களுடையது என்று சொல்ல முடியாது. இரண்டு தலைமுறையாக நடக்காமலே இருந்த காலை ஒரே நாளில் மருதமலை ஏறச் சொன்னால் எப்படி ஏறும்?

நாள் நெருங்க நெருங்க மகிழ்நனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாட்டுகளில் இருந்தது அவனுடைய இருபது வருட வாழ்க்கை. அது அழிந்தால் தான் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தான்; அந்த வயதில் அப்படித்தான் நினைக்க வரும்.

“உங்கப்பாகிட்டக் கேக்கச் சொல்லேன்டா” என்றான் யூனுஸ்.

மகிழ்நன் சிரித்துவிட்டான். “எங்கப்பாவா? அவருக்குக் காத்தாடி சத்தத்தத் தவிர ஒண்ணும் காதுல ஏறாது. ஏழாவது பாட்டே அவரத் திட்டித்தான எழுதுனேன். மறந்துட்டயா?”

அப்பா நாச்சிமுத்து, உடுமலைப் பக்கம் காற்றாலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தத்தை வைத்தே எந்த இறக்கை நோவெடுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பையன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்து அழுதால், ‘உஸ்’ என்று கையைக் காட்டிவிட்டுக் காற்றைக் கேட்பார். ‘நான் கத்தினேன், நீ காற்றுக்குக் காது கொடுத்தாய்’ என்று தொடங்கும் அந்த ஏழாவது பாட்டைப் பாடும்போது மட்டும் மகிழ்நனுக்கு நிஜமாகவே குரல் உடையும். கோயம்புத்தூருக்கு வந்த நாளிலிருந்து அவர் அழைப்புகளைச் செவியாளிடம் விட்டிருந்தான். இசை வேறு, வீடு வேறு. கொள்கை உள்ளவனுக்கும் நேரம் வேண்டாமா?

கடைசி நாள் மூவரும் காப்பகத்துக்குப் போனார்கள். அழிக்கும்போது பக்கத்தில் இருந்து ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்பது மகிழ்நனின் ஏற்பாடு. செத்தாலும் கெத்தாகச் சாக வேண்டும் அல்லவா. வாசலில் செய்திக்காரர்கள் கேமராவும் கையுமாகக் கூடியிருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் வீறாப்பு ஏறியது. உள்ளே பூரணி என்ற அதிகாரி எழுந்து நின்று மூவருக்கும் கைகொடுத்தார்.

“எத்தன மணிக்கு அழிக்கறீங்க?” என்றான் மகிழ்நன்.

“அழிக்கறதா? எதுக்குங்க?” அந்த அம்மாளுக்குக் குழப்பம். “வெளியான அன்னைக்கே ஒருத்தர் முழுசாக் கேட்டுட்டாருங்களே. அதுக்கப்புறமும் தெனம் ஒருக்கா கேக்கறாரு. பல வருசமா இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. அதான் வெளிய டிவிக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. உங்களக் கூப்பிட்டு அப்பவே சொன்னமே, மகிழ்நன். நீங்ககூட ‘ரொம்ப சந்தோசம், நன்றிங்க’ன்னீங்க.”

மகிழ்நன் சொல்லவில்லை. அலுவலக அழைப்புகளையும் அவன் விட்டிருந்த செவியாள் சொல்லியிருக்கிறது. அவனுக்கு வந்த சாரம், ‘காப்பகத்திலிருந்து வழக்கமான அறிவிப்பு’ என்பது. ரெஜினா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கணம் மூவரும் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டார்கள். பாட்டு பிழைத்துவிட்டது! உலகத்தில் ஒரு காது இருக்கிறது!

“ஆருங்க அந்தப் புண்ணியவான்?” என்றான் யூனுஸ்.

“பேரச் சொல்றதுக்கு அவரே ஒத்துக்கிட்டாரு. உடுமலைக்காரர். நாச்சிமுத்துன்னு.”

மகிழ்நன் யாரையும் பார்க்காமல் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தான். காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினான்.

“அப்பா கூப்புட்டாரா?”

“தினமும் மாலையில்” என்றது செவியாள். “பேசி முடித்தாயிற்று. அப்பா நலம். வழக்கமான பேச்சு.”

“ஆல்பத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

“தினமும் சொல்கிறார். ஆகவே அதுவும் வழக்கமான பேச்சில் சேர்ந்துவிட்டது.”

“நேத்துப் பேசுனதப் போடு. சாரம் வேண்டாம். அப்படியே போடு.”

அப்பாவின் குரல் வந்தது. அதே இழுவை. மழை, தேங்காய் விலை, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய நாய் என்று எங்கெங்கோ சுற்றியது. மகிழ்நன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“அந்த ஏழாவது பாட்ட இன்னைக்கும் கேட்டேங்கண்ணு. மொதல்லெல்லாம் கோவந்தான் வந்துச்சு. பெத்தவன இப்புடி ஊரறியப் பாடுவானான்னு. அப்பறம் ரோசன பண்ணிப் பாத்தா நீ சொல்றது நெசந்தான? நீ அழுதது என்ற காதுல உழுகவே இல்ல சாமி. இப்பத்தான் உழுகுது... கேக்கறயா?”

“கேக்கறேன்ப்பா. நீங்க மெதுவாச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அது மகிழ்நனின் குரல். அத்தனை பொறுமையாக, அத்தனை பிரியமாக அவன் அப்பாவிடம் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அதான் கண்ணு, நீ பாடுனதக் கேட்டுப்போட்டு என்ற செவியாள நிப்பாட்டிப்போட்டேன். ஆரு என்ன பேசுனாலும் இப்ப நானேதான் கேக்கறது. எல்லாரும் கிறுக்குப் புடிச்சிருச்சுங்கறாங்க. இருந்துட்டுப் போவுது. எம்பட பையன் ஊருக்கு ஒண்ணு சொல்லிப்போட்டு வூட்டுல ஒண்ணு செய்யறவனில்லயே. தெனமும் நீயே எடுத்து, மணிக்கணக்கா எங்கூடப் பேசறயல்ல. அப்பறம் நான் கேக்காட்டி எப்புடி?”

மகிழ்நனுக்கு அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டு, அப்பாவை அவனே அழைத்தான். வருடக் கணக்கில் செய்யாத காரியம்.

“ஆருங்க?”

“அப்பா, நாந்தான் மகிழ்நன்.”

“வா கண்ணு. இந்நேரத்துக்குக் கூப்புட மாட்டயே. நானே பொழுதுசாயக் கூப்புடலாம்னு இருந்தேன். இன்னைக்குக் காத்து பாத்தீன்னா மேக்கால இருந்து...”

“அப்பா அப்பா, அது இருக்கட்டும். ஆல்பத்தக் காப்பாத்திட்டீங்க. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். இங்க டிவிக்காரங்கெல்லாம் நிக்கறாங்க...”

“ஓ, டிவியா? அதுல என்னன்னா, மொத நாள் கேக்கறப்ப நான் தோட்டத்துல...”

“செரிப்பா, செரிப்பா, தெரியும்.”

எதிர்முனையில் பேச்சு நின்றது. காற்று மட்டும் கேட்டது.

“கேக்கக் கூடாதுதான்” என்றார் நாச்சிமுத்து மெதுவாக. “நீ அவன்ற செவியாளா?”

“ஐயோ இல்லப்பா! நாந்தான்!”

“சும்மா சொல்லாத. எம்பட பையன் பேச்சுக்கு நடுவுல இப்புடிக் குறுக்க உழுகமாட்டான். மெதுவாச் சொல்லுங்கப்பான்னுதான் சொல்லுவான்.”

மகிழ்நன் ஏழாவது பாட்டின் முதல் வரியைப் பாடிக்காட்டினான். குரல் உடைந்தது; முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உடைந்தது.

“நல்லாப் பாடற. ஆனாப் பாடறதுக்கு மிசினும் பாடும். கேக்கத்தான் மனுசன் வேணும்” என்றார் அப்பா. அவர் குரலில் கோபமில்லை. “அவனுக்கு என்ன வேலையோ, உன்னைய உட்டுப்போட்டுப் போயிட்டான். பரவால்ல. பையன் பக்கத்துல இருந்தான்னா அவங்கிட்டக் குடு சாமி.”

கதவைத் திறந்து ரெஜினா எட்டிப் பார்த்தாள். “எவ்ளோ நேரம்டா? கேமரா ஓடுது. செவியாள் எதிர்ப்பப் பத்தி உன்னையத்தான் பேசச் சொல்றாங்க.”

மகிழ்நன் நின்றான். சொல்லிப் புரியவைக்க ஒரு மாலைப் பொழுது முழுக்க ஆகும். அப்பா பேசுவதை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டியிருக்கும். விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

“அப்பா, சொல்லுங்கப்பா. மேக்கால இருந்து காத்து எப்புடி வருது?” என்றது அவன் குரல்.

எதிர்முனையில் நாச்சிமுத்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

“வந்துட்டயா கண்ணு? இத்தன நேரம் உன்ற மிசின்கிட்டப் பேசிட்டு இருந்தேன். அதுக்கு நம்ம பேச்சக் கேக்கவே பொறுமை இல்ல.”