மூன்றாவது முனை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவுச் சந்தில் துணியைச் செருகியாயிற்றா? இன்றைக்கும் காற்று மஞ்சளாகத்தான் வீசுகிறது. இதே மாதிரி ஒரு புழுதிக் காற்றில், நம் ஸர்கா ஊரின் பழைய எந்திரச் சந்தையில் நடந்ததைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

மீட்டர் நாற்பது காட்டியது.

மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஒன்றின் கேபினில் இருந்த வயர் மேஸ்திரி நவ்ஃபல் அதன் ஊசிமுனைகளைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான். நாற்பது. எக்ஸ்கவேட்டரில் இன்ஜினின் மூளைப் பெட்டியும் ஓட்டுபவன் முன்னால் இருக்கும் திரையும் ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிய இரண்டு வயர் வழியாகத்தான். அந்த வயரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மின்தடை இருக்கும். இரண்டும் நலமாக இருந்தால் மீட்டர் அறுபது ஓம் காட்டும். ஒன்று போனால் நூற்றிருபது. நாற்பது என்றால் மூன்றாவதாக ஏதோ ஒன்று அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான்காவதும் சேர்ந்தால் முப்பது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. குறையை மறைத்து விற்பதற்காக எவனாவது ஒரு தடையைப் பற்றவைத்து மேலே டேப் சுற்றியிருப்பான். நவ்ஃபலே எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறான்.

நோன்பு நாள். நாக்கு அட்டைபோல் காய்ந்துகிடந்தது. பிற்பகலின் அசர் தொழுகை முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தும், புழுதி சூரியனை விழுங்கிவிட்டிருந்ததால், வரிசை வரிசையாக நின்ற பழைய எந்திரங்கள் மஞ்சள் இருட்டில் கழுத்தை மடக்கிப் படுத்த ஒட்டகங்கள்போல் தெரிந்தன. முதுகு வலித்தது. கண் எரிந்தது. பிரேக் ஆயிலும் சூடான ரப்பரும் கலந்த வாடை கேபினை நிறைத்திருந்தது.

சந்தைக்காரர் அபு ஷாஹிர் காரில் ஏறிக் கிளம்பியவர் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மேஸ்திரி, இன்னும் இதுகூடயே குடும்பம் நடத்துறியா?"

"ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுடுது ஹாஜி. திரையில 'தொடர்பு இல்லை'ன்னு வருது."

"அதை அழிச்சுட்டு அனுப்பிவிடு. எப்பவும் பண்றதுதானே? இன்னிக்கு மட்டும் என்ன புதுசா ஞானம் பொறந்துடுச்சு?"

"நாளைக்கு இதுல உக்காரப்போறது என் தங்கச்சி புருஷன். சாக்கடைப் பள்ளம் வெட்டணும். ஆழத்துல நிக்கும்போது வண்டி செத்துப்போய், மண்ணும் சரிஞ்சுதுன்னா?"

"அட, குதைபாவா! அப்ப கவலையே படாத. வடக்க பூமி குலுங்குனப்ப போய் இடிபாடு அள்ளுனவன்தானே? இந்த வண்டியும் அங்கேருந்து வந்ததுதான். ரெண்டு பேருக்கும் பழைய சிநேகிதமா இருக்கும்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

குதைபா அந்தக் குளிர்காலத்தைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தான். விசில் ஊதினால் அத்தனை எந்திரமும் நிற்க வேண்டும். ஊரே மூச்சடக்கும். ஒருவன் இடிபாட்டின்மேல் குப்புறப் படுத்து, "யாராவது இருக்கீங்களா? கேட்டா மூணு தடவை தட்டுங்க" என்று கத்துவான். காது வைத்துக் கேட்பார்கள். ஒன்றும் கேட்காவிட்டால் அவன் எழுந்து தலையாட்டிக் கையை உயர்த்துவான். எந்திரங்கள் மறுபடி ஓடும்.

"தட்டுனது நமக்குக் கேக்காம போயிருந்தா என்ன பண்றது மச்சான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டான்.

நவ்ஃபல் ஸீட்டுக்குப் பின்னால் மூடியைக் கழற்றி வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். டேப் இல்லை. பற்றவைத்த இடம் இல்லை. திரையைப் பிடுங்கினான், மீட்டர் அறுபதுக்கு ஏறியது. இறங்கிப்போய் இன்ஜினின் மூளைப் பெட்டியையும் பிடுங்கிவிட்டுத் திரும்பினான். இப்போது அந்த வயரில் எதுவுமே கிடையாது. மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது.

நூற்றிருபது.

பசி, என்று நினைத்தான். பசித்தால் கண் இப்படித்தான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். கைபேசி அடித்தது.

"மச்சான், எங்க இருக்க? உன் தங்கச்சி ஸவ்ஸன் பருப்பு சூப் வச்சிட்டா. நீ இல்லாம கதாயிஃப் இனிப்புல கை வைக்கக் கூடாதாம், என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறா."

"இன்னும் கொஞ்சம்தான் குதைபா."

"ஒண்ணும் வேண்டாம், நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நோன்பு திறக்கற பாங்குக்குள்ள வந்துடலாம்."

சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது, கேபின் கண்ணாடி அதிர்ந்தது, பம்ப் முனகியது, தரையில் கவிழ்த்து வைத்த, மண் அள்ளும் பக்கெட்டைச் சுற்றிப் புழுதி ஒரு வளையமாகக் கிளம்பியது. பிறகு, யாரோ கையைக் காட்டி நிறுத்தச் சொன்னதுபோல், எல்லாம் ஒரே நொடியில் நின்றது. திரையில் சிவப்பு எழுத்து. தொடர்பு இல்லை.

நின்றது எந்திரம் மட்டுமல்ல. காற்றும் நின்றிருந்தது. தூரத்து நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் இல்லை. சந்தை நாய்கள் இல்லை. ஆடாமல் தொங்கிய புழுதிக்கு நடுவே, இந்த வண்டி எதையோ கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

வயர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இணைப்பு ஆடுகிறது என்று தெரியாவிட்டால், ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். நவ்ஃபலின் கை, அசதியில், தானாகவே தட்டியது.

டக். டக். டக்.

தட்டிய பிறகுதான் எத்தனை தடவை என்பது அவனுக்கே உறைத்தது.

பக்கெட்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. மெதுவாக. மூன்று. இரும்பில் நகம் படுவதுபோல.

வாடை மாறியிருந்தது. ஆயில் இல்லை. ஈரச் சிமெண்ட். குளிர். ஏப்ரல் மாதத்தில் அவன் மூச்சு வெள்ளையாக வந்தது.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். ஒரு கல் சுவரை இடித்ததுபோல் இருந்தது. ஸீட்டுக்குக் கீழே ஊசிமுனைகள் செருகியபடியே கிடந்த மீட்டரைப் பார்த்தான்.

முப்பது.

வெளியே கார் வந்து நிற்பது தெரிந்தது. விளக்கு அணைந்தது. குதைபா. கையில் பேரீச்சம்பழப் பொட்டலம்.

"மச்சான்!" உதடு அசைவதிலிருந்து தெரிந்தது. "நவ்ஃபல்! எங்க போய்த் தொலைஞ்ச?"

"இங்கேதான்டா! குதைபா! இங்கே!"

குதைபா கேபினை நேராகப் பார்த்தான். காலி ஸீட்டைப் பார்க்கும் பார்வை.

நவ்ஃபல் கண்ணாடியைத் தட்டினான். மூன்று. மறுபடி மூன்று. கை முட்டி கிழிந்தது.

குதைபாவின் முகத்தில் ஏதோ மாறியது. பொட்டலத்தைக் கீழே வைத்தான். பக்கெட் அருகே போய், தூக்கத்தில் நடப்பவன்போல் மண்டியிட்டு, குப்புறப் படுத்து, மண்ணில் காதை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

தட்டினான் நவ்ஃபல். தட்டிக்கொண்டே இருந்தான்.

அவனோடு சேர்ந்து இன்னொரு கையும் தட்டியது. மிக அருகில்.

குதைபா எழுந்தான். மண்ணைத் தட்டிவிட்டான். இல்லை என்று தலையாட்டினான்.

கையை உயர்த்தினான்.

சாவி தானாகத் திரும்பியது. இன்ஜின் இந்தத் தடவை இருமவில்லை. திரையில் சிவப்பு இல்லை, ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மண் நிரம்பத் தொடங்கியது, முழங்கால் அளவு, மார்பளவு. கடைசியாகத் தெரிந்தது அந்த உயர்ந்த கைதான். அதற்கு மேலே, மெல்ல எழும்பிய பக்கெட்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் கேட்கிற காது ஒன்று எப்போதும் இருக்கட்டும். வெளியே போன உங்கள் வீட்டார் எல்லாரும் பாங்குக்கு முன்னால் வீடு திரும்பட்டும். உங்கள் சூப் ஆறாமல் இருக்கட்டும். ஆமீன்.