குளிர்காய வந்தவர்கள்

ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது டொரத்தியின் புறங்கை அடுப்பில் பட்டது. சூடாக இருந்தது.

சுடுகிற சூடு அல்ல. யாரோ வெகுநேரம் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு. கறுத்த வார்ப்பிரும்பு, வளைந்த நான்கு கால்கள், முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு. அந்த அடுப்புக்குள் இன்னும் ஒரு தீக்குச்சிகூடப் போகவில்லை. வெயிலும் அந்த மூலைக்கு வராது. நம் ஊர் வெக்கைதான் என்று புருஷன் ஆலன் சொல்வான். ஆலன் சொல்வதை ஏற்றுக்கொள்வதைவிட, காரணம் தெரியாமல் இருப்பதே அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப்புறம் உள்ள உலு திராமில், காற்றாடி நின்றால் முதுகில் வேர்வை வழியும் ஒரு டெரஸ் வரிசை வீட்டில், விறகு எரித்துக் குளிர்காய ஓர் அடுப்பு. சிங்கப்பூரில் அவனுடைய வெள்ளைக்கார மேலாளர் வீட்டைக் காலிசெய்தபோது வேண்டாம் என்று விட்டுப்போனது. இவன் லாரி பிடித்துப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தான், போட்டியில் ஜெயித்த கோப்பையைக் கொண்டுவருகிறவன் மாதிரி. கிறிஸ்மஸுக்கு முதல்நாள் சபையிலிருந்து பாட்டுக் குழு வீடுவீடாக வரும். இந்த வருஷம் கடைசி வீடு இவர்களுடையது. ஏர்கோன் குளிரைப் பதினாறு டிகிரியில் வைத்து, அடுப்பை மூட்டி, எல்லாரையும் சுற்றி உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டும்.

"லண்டன் மாதிரி இருக்கும் பாரு," என்றான். லண்டனை அவன் நாட்காட்டியில் பார்த்திருக்கிறான்.

அடுப்போடு ஒரு கையேடு வந்திருந்தது. டொரத்திதான் படித்தாள். புகைக்குழாய் நேராக மேலே ஏறி, கூரை உச்சியைத் தாண்டி நிற்க வேண்டும். அறைக்குள் வெளிக்காற்று வர வழி வேண்டும். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வாசமும் நிறமும் இல்லாத விஷவாயு உள்ளே தேங்கினால் ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். அதைக் கண்டுபிடித்துக் கத்துகிற ஒரு சின்னக் கருவியும் பெட்டியில் இருந்தது.

குழாய் மாட்டத் தம்போயிலிருந்து மகேஸ்வரன் வந்தான். சாப்பாட்டுக் கடைகளுக்குப் புகைக்கூண்டு போடுகிறவன்.

"அண்ணே, மேல ஏத்தணும்னா கூரை ஓட்ட உடைக்கணும். மழைக்கு ஒழுகும்."

"அப்ப செவுத்துல ஓட்ட போட்டு போர்ச் பக்கமா விட்டுரு லா. புகைக்கு வழி தெரியாதா?"

"கூரைக்கு மேல போகணும்னு போட்டிருக்குங்க," என்றாள் டொரத்தி. "எதிர்க்காத்து அடிச்சா எல்லாம் உள்ளதான் வரும்."

ஆலன் மகேஸ்வரனைப் பார்த்துக் கண்ணடித்தான். "எங்க வீட்டு இன்ஜினியர். ரைஸ் குக்கர் டிக்குன்னாலே வெளிய ஓடிருவாங்க."

மகேஸ்வரன் சிரித்தான். டொரத்தி உள்ளே போய்விட்டாள். ஒருதடவை சொல்லியாகிவிட்டது. அந்த ஒருதடவையைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். கருவியை அவன் அழுத்திப் பார்த்தான்; அது அலறியது; "காதைக் கிழிக்குது சனியன்" என்று பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டான். போன வாரம் வெட்டிய ரம்புத்தான் மரத்தின் ஈரக் கட்டைகளை அழகாக அடுக்கினான். ஏர்கோன் குளிர் வீணாகக் கூடாதென்று ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டினான், நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிப் பையன் கைவேலை செய்வதுபோல. ஒவ்வொன்றுக்கும் அவள் உதட்டின் இடது ஓரம் லேசாக ஏறியது. அந்தச் சிரிப்பை அவள் ஒருமுறை கண்ணாடியில் பார்த்து, இது யார் முகம் என்று நின்றிருக்கிறாள். ஆனாலும் அதில் ஓர் இதம் இருந்தது. அவன் முட்டாளாக ஆக ஆக, அவளுக்குள் ஏதோ கணகணவென்று காய்ந்தது. கல்யாணமான இத்தனை வருஷமாக அவள் அந்தக் கணப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதை அன்பு இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை.

டேப் ஒட்டிய அன்று அடுப்பைக் கடந்து போனபோது கை பட்டு உதற வேண்டியிருந்தது. அவ்வளவு சூடு.

மறுநாள் அதன் அடித்தட்டில் ஒரு கரண்டி அளவு வெள்ளைச் சாம்பல்.

"பத்த வச்சிங்களா?"

"உங்கள கேக்காம தொடுவேனா, இன்ஜினியரம்மா?"

அதற்கடுத்த நாள் கண்ணாடிக் கதவின் உட்பக்கம் கரி படிந்திருந்தது. கரியில் ஒரு கை. உள்ளேயிருந்து ஊன்றிய உள்ளங்கை, ஐந்து விரல்கள். டொரத்தி வெளியிலிருந்து தன் கையை அதன்மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. சின்ன வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரல் வரைக்கும்.

ஈரத்தாளால் துடைத்தாள். ஆலனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்கு முன்பே இருட்டு. ஆலன் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்பை மூட்டினான். ஈரக் கட்டை சீறியது; புளித்த பழவாசமும் காய்கிற இரும்பின் வாசமும் கலந்து, ஏர்கோன் குளிரில் தாழ்வாகத் தொங்கின. சோபாவில் சாய்ந்து கொட்டாவி விட்டான்.

"வந்து உக்காரு டோரா. தல லேசா கனக்குது. வேல ஜாஸ்தி."

"செருப்பு ஸ்டாண்ட உள்ளாற தள்ளிட்டு வரேன். நனையுது."

சமையலுக்குப் போட்டிருந்த சிவப்பு பாத்தேக் கஃப்தான் அங்கியோடு போர்ச்சுக்கு வந்தாள். முன்கதவைச் சாத்தினாள். தலைக்கு மேலே சுவரிலிருந்து குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்காற்று நேராக அதற்குள் அடித்தது.

குழாயிலிருந்து புகை வரவில்லை.

உள்ளே நெருப்பு எரிகிறது. வெளியே ஒரு இழை புகை இல்லை. அதன் பொருள் அவளுக்கு உடனே தெரிந்தது. கையேட்டின் வரி அப்படியே ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, ஜன்னல் டேப்பைக் கிழித்து, அவனை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

நின்றாள்.

கொஞ்சம் இருக்கட்டும். கிறிஸ்டின் அக்கா வரட்டும். ஆண்டவரைவிடத் தன் குரலை அதிகமாக நம்புகிற, பாட்டுக் குழுவின் தலைவி. ஊர் முழுக்கச் சொல்வாள். அவள் முன்னால் இவன் இருமிக்கொண்டு, கண் எரிந்து, கம்பளிச் சட்டையோடு வெளியே ஓடி வரட்டும். அப்போது இவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சும்மா நிற்பாள். அந்தக் காட்சி அவளுக்கு இனித்தது. உதட்டின் இடது ஓரம் ஏறியது.

முன்கதவின் பூட்டு உள்ளேயிருந்து சொடக்கியது.

கைப்பிடி அசையவில்லை. ஹாலின் பெரிய கண்ணாடிக் கதவுக்கு ஓடினாள். அதுவும் பூட்டு. திரை பாதி விலகியிருந்தது. ஆலன் சோபாவில், தலை தொங்க. அடுப்பின் முன் யாரோ குந்தியிருந்தார்கள்.

பெண். சிவப்பு பாத்தேக் கஃப்தான்.

டொரத்தி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். சிவப்பு பாத்தேக் கஃப்தான்.

அந்தக் கை அடுப்பின் காற்றுத் திறப்பை மெதுவாக, பொறுமையாக, மூடியது. சுண்டுவிரல் கோணல்.

கண்ணாடியை அறைந்தாள். ஆலனின் கண் பாதி திறந்தது.

"யாரது, டோரா?"

"காத்துதான்," என்றாள் உள்ளே இருந்தவள். டொரத்தியின் குரல். "தூங்குங்க."

பிறகு திரும்பிப் பார்த்தாள். உதட்டின் இடது ஓரம்.

டொரத்தி போர்ச்சிலிருந்த பூந்தொட்டியைத் தூக்கி எறியப்போனாள். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. புகையைப் பிடிப்பதுபோல் நழுவின. மறுபடி. மறுபடி. தொட்டி அப்படியே நின்றது.

வேன் வந்தது. குடைகள். சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள். கிறிஸ்டின் அக்கா. டொரத்தி அவர்கள் முன்னால் கைகளை விரித்து நின்றாள். ஒரு குடை அவள் தோள் வழியாகவே போனது.

உள்ளே இருந்தவள் முன்கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா, வாங்க. உள்ள வந்து குளிர் காயுங்க. கதவ நல்லா சாத்துங்க லா, ஏர்கோன் போயிரும்."

"அலமாக், நெசமாவே லண்டன்தான் போ. தம்பி தூங்கிட்டாரா?"

"டயர்டு. நீங்க பாடுங்க, எந்திரிச்சிருவாரு."

கடைசிப் பிள்ளையும் உள்ளே போனது. பூட்டு.

பாட்டு தொடங்கியது. டொரத்தி கத்தினாள். பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்த ஒருதடவையை இப்போது திரும்பத் திரும்பக் கத்தினாள். குழாய் மேல போகணும். ஜன்னலத் திறங்க. குழாய் மேல போகணும். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

உள்ளே பிள்ளைகளின் குரல்கள் முதலில் நின்றன. பிறகு ஆண்குரல்கள். கிறிஸ்டின் அக்காவின் குரல் தனியாக மேலே ஏறியது, நடுவரியில் அறுந்தது.

ஹாலின் கண்ணாடிக் கதவின் உட்பக்கம் ஒரு கை வந்து ஊன்றியது. எடுத்தபோது கரியில் ஐந்து விரல்கள், சுண்டுவிரல் கோணலாக.

பாட்டு நிற்கவில்லை. ஒரே ஒரு குரல் அடுத்த சரணத்தை எடுத்து, பிசகாமல், நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தது.

அது டொரத்தியின் குரல்.